நூறு நூறாய் மூன்று குவியல்

காசிமேட்டில் இறாலைக் கையில் அள்ளிப் பார்த்தே கவுண்ட் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், ராமதாஸ். மற்றவள், என் ஷெட்டில் பத்தொன்பது வருடம் தரம் பிரித்த கன்னியம்மா. என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்கிறேனே என்று நினைக்க வேண்டாம். வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், தலையில் கூடை சுமந்தவன், இன்றைக்கு இரண்டு ஷெட்டும் ஒரு லாரியும் வைத்திருக்கிறேன் என்றால் அது இந்தக் கை சம்பாதித்தது. ஆனால் இது என் கதை இல்லை. கன்னியம்மாவின் கதை. நான் குறுக்கே வருகிற இடங்களில் மட்டும் வருவேன். அப்படி வந்ததில் ஒரு இடம் எனக்குப் பெருமையான இடம் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் கவுண்ட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோவில் எத்தனை இறால் நிற்கிறதோ அதுதான் கவுண்ட். முப்பது நின்றால் முப்பது கவுண்ட். நூறு நின்றால் நூறு கவுண்ட். எண் ஏற ஏற இறால் சிறுத்துக்கொண்டே போகும். முப்பது கவுண்ட் என்றால் கையை நிறைக்கும் பெரிய இறால். நூறு கவுண்ட் என்றால் சுண்டுவிரல். இந்தத் தொழிலில் முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம் இது. பிறகு சாகிற வரைக்கும் மறக்காது. என் கண்ணில் யாராவது ஒரு எண்ணைக் காட்டினால், அது பஸ் நம்பராக இருந்தாலும் சரி, எண் பெரிதாக இருந்தால் என் மனசு சின்ன இறாலைத்தான் நினைக்கும்.

கன்னியம்மா எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவள். மின் நிலையத்திலிருந்து வெளியே விடுகிற தண்ணீர் அங்கே வெதுவெதுப்பாக ஓடும். மார்கழிக் குளிரில் பள்ளிக்கூடம் போகிற வழியில் அதில் காலை விட்டுக்கொண்டு, புகைபோக்கியைப் பார்த்தபடியே நின்றுவிடுவாளாம். மணி அடித்து முடிந்த பிறகுதான் போய்ச் சேருவாள். வாத்தியார் கேட்டால், "புகை எங்க போவுதுன்னு பாத்துகினு இருந்தேன் சார்" என்பாளாம். ஒன்பதாவது படிக்கும்போது அம்மா படுத்துவிட்டாள். மூன்று தம்பிகளுக்குச் சோறு ஆக்க ஆள் வேண்டியிருந்தது. படிப்பு அங்கேயே நின்றது. பதினெட்டில் ராயபுரத்துக்குக் கல்யாணமாகி வந்தாள். கணவன் ரவிக்குமார் விசைப்படகில் வேலை. போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் கடலில் இருப்பான். ராயபுரத்துக்கு வந்த அடுத்த மாதமே இவள் என் ஷெட்டில் சேர்ந்தாள்.

அவள் வேலை செய்வதைப் பார்த்தால் தூங்குகிறாள் என்றுதான் புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். கண் பாதி மூடியிருக்கும். ஐஸ் பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை எழுந்து மேசையின் மேல் படர்ந்து அவள் கழுத்து வரைக்கும் வரும். அந்தப் புகைக்குள்ளே இரண்டு கையும் தனியாக வாழ்ந்துகொண்டிருக்கும். முப்பது இந்தப் பக்கம், ஐம்பது அந்தப் பக்கம், உடைந்தது கீழே. அவள் மட்டும் எங்கேயோ இருப்பாள். பக்கத்து மேசை ரஹீமுன்னிசா கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவாள்.

"ஏய் கன்னிமா, இன்னா, சிங்கப்பூர் போய்ட்டியா?"

"இங்கதான்க்கா கீறேன்."

"கை இங்க கீது. ஆளு எங்க கீதுன்னு கேக்கறேன்."

அந்தக் கைதான் அவளுக்குப் பகையானது. ஐஸ் தண்ணீரும் இறால் சாறும் சேர்ந்து தோலைத் தின்னும். எல்லோருக்கும் கொஞ்சம் தின்னும். கன்னியம்மாவுக்குப் போன வருடம் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, இரத்தம் கசிந்து, உறை போட்டும் கேட்கவில்லை. உறை போட்டால் அவளுக்குக் கவுண்டும் தெரியாது. ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார். இனிமேல் ஐஸில் கை வைத்தால் இந்த விரல்கள் மடங்காமல் போய்விடும்.

ஐஸில் கை வைக்காமல் என் ஷெட்டில் என்ன வேலை இருக்கிறது? கொடுப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கணக்கு எழுத என் தங்கை மகன் இருக்கிறான். கூட்டிப் பெருக்குகிற வேலையை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

எண்ணூர் போகிற சாலையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி இருக்கிறது. என் சரக்கு பாதி அங்கேதான் போகும். அங்கே சோதனைக்கூடத்தில் உதவியாளர் வேலை ஒன்று காலியாக வந்தது. உலர்ந்த அறை, வெள்ளைக் கோட்டு, தராசு, கண்ணாடிக் குழாய். அந்தப் பிரிவின் மேலாளர் வால்டர் எனக்குப் பழக்கம். நேரே போய்க் கேட்டேன்.

"அந்தம்மா வந்தா எனக்குச் சந்தோஷம்தான் ராமதாஸ். இறாலைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சதுல பாதி எங்க ஆளுங்களுக்குத் தெரியாது. ஆனா பத்தாவது சர்ட்டிபிகேட் இல்லாம உள்ள எடுக்க முடியாது. ஆகஸ்ட் வரைக்கும் இடத்தை வெச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

ஆக, கன்னியம்மா முப்பத்தேழு வயதில் பத்தாவது எழுத உட்கார்ந்தாள். தேறினால் வெள்ளைக் கோட்டு. இல்லாவிட்டால் விரல் போகிற வரைக்கும் ஐஸ். இதற்கு நடுவில் வேறு ஒன்றும் இல்லை.

திருவொற்றியூரில் மீனவர் சங்கக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தனித்தேர்வர்களுக்கு வகுப்பு நடக்கும். அறிவியல் எடுப்பது எழில்மொழி. வியாசர்பாடிப் பெண், இருபத்தாறு வயது, வேதியியல் படித்துவிட்டு வாரநாளில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறவள். கன்னியம்மா புத்தகத்தைப் பாலிதீன் பையில் சுற்றி ஷெட்டுக்கும் கொண்டுவருவாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து பையைப் பிரிப்பாள். தமிழ் அவளுக்குக் கஷ்டமில்லை. கணக்கில் எங்களுக்கெல்லாம் மேலே. அறிவியலில் வந்த ஒரே ஒரு பாடம்தான் கல்லாக நின்றது. அணுக்களும் மோல் கணக்கும்.

அந்தப் பாடம் வகுப்பில் நடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நாலு படகுச் சரக்கு வந்து இறங்கியிருந்தது. நான் அவளை அனுப்பவில்லை. அது முதல் தப்பு. இரண்டாவது தப்பு அதற்கு மறுநாள் நடந்தது.

"நைனா, இத்த கொஞ்சம் பாரேன்."

"இன்னாது?"

"மோலுன்னு ஒண்ணு. சோடியத்துக்கு இருபத்திமூணு போட்டுகிறான். கால்சியத்துக்கு நாப்பது. கார்பனுக்கு பன்னெண்டு. இந்த நம்பருங்கோ இன்னாத்துக்குன்னே பிரியல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பொடி எழுத்து. அணு என்று நிறைய இடத்தில் இருந்தது. கிராம் என்று நிறைய இடத்தில் இருந்தது.

"அணுன்னா?"

"சின்ன துண்டு நைனா. கண்ணுக்கே தெரியாதாம். எல்லாமே அதாலதான் ஆயிகீதாம்."

"துண்டு கீது, எட கீது, பக்கத்துல ஒரு நம்பர் கீது. இன்னும் இன்னாம்மா வோணும்? இது கவுண்ட். சோடியம் இருபத்திமூணு கவுண்ட். கால்சியம் நாப்பது கவுண்ட். முடிஞ்சுது."

அவள் முகம் வெளிச்சமானதை நான் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. பெரிய பெரிய படிப்பாளிகள் எழுதிய புத்தகம், நம் மேசைக்கு வந்து நம் பாஷையில் பேசிவிட்டதே என்று இருந்தது.

"நைனாவுக்கு தெரியாதது இன்னா கீது?" என்றாள் ரஹீமுன்னிசா, இறாலுக்குத் தலை கழற்றியபடியே. "பாஸ் பண்ணது நாலாங்கிளாஸு. பேசறது காலேஜி."

அதற்குப் பிறகு கன்னியம்மா ரொம்ப நாளைக்குச் சந்தோஷமாக இருந்தாள். தண்ணீர் பதினெட்டு, உப்பு ஐம்பத்தெட்டரை என்று முணுமுணுத்துக்கொண்டே தரம் பிரிப்பாள். புகைக்குள் அவள் கண் மூடியிருக்கும்போது இறால்கள் கார்பனாகவும் கால்சியமாகவும் மாறிப் பக்கம் பக்கமாகப் போய் விழுந்துகொண்டிருக்கும் என்று பிறகு சொன்னாள். ஏப்ரலில் தேர்வு எழுதினாள். சிரித்த முகத்தோடுதான் திரும்பி வந்தாள்.

மே மாதம் முடிவு வந்தது. மற்ற எல்லாப் பாடமும் தேறியிருந்தாள். அறிவியலில் மூன்று மதிப்பெண் குறைந்து நின்றது.

அழவில்லை. பாலிதீன் பையைச் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, ஐஸுக்குள் கையை விட்டாள். பிளாஸ்திரியை மீறி ஒரு விரலிலிருந்து மெல்லிய சிவப்புக் கோடு ஐஸ் மேல் இறங்கியது. அதைப் பார்த்தது போலவே அவள் காட்டிக்கொள்ளவில்லை.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரைக்கும் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும். எஞ்சின் சத்தம் இருக்காது. அந்த இரண்டு மாதம் ராயபுரமே தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரி இருக்கும். யாரோ எங்கேயோ சுத்தியல் தட்டுவது கேட்கும், அது உங்கள் காதுக்கு வருவதற்குள் நீங்கள் வேறு எதையோ நினைக்க ஆரம்பித்திருப்பீர்கள். பொன்னேரிப் பக்கம் பண்ணைகளிலிருந்து வருகிற வளர்ப்பு இறாலும், நாட்டுப்படகில் வருகிற கொஞ்சநஞ்சமும்தான் அப்போது எங்களுக்கு வேலை. அந்த நேரத்தில் ஒரு நாள் காலை எழில்மொழி ஷெட்டைத் தேடி வந்தாள்.

புடவை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் நடந்து வந்து, கவிழ்த்த பெட்டி மேல் கொஞ்சமும் யோசிக்காமல் உட்கார்ந்தாள். அங்கேயே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

"அக்கா, ஜூன் கடைசில துணைத்தேர்வு. நீங்க ஒரு பாடத்துலதான் வுட்டுட்டு இருக்கீங்க. எங்க வுட்டீங்கன்னு எனக்குத் தெரியணும். நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. பத்து கிராம் கார்பன். பத்து கிராம் கால்சியம். எதுல அணு ஜாஸ்தி?"

"கால்சியத்துல டீச்சர்."

"ஏன்?"

"அது நாப்பது கவுண்ட். கார்பன் பன்னெண்டு கவுண்ட். பெருசு பெருசா கீறதால கொஞ்சம்தான் நிக்கும்."

எழில்மொழி பெட்டி மேல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்பத்திநாலு கிராம் தண்ணி. எத்தனை மோல்?"

கன்னியம்மா கண்ணை மூடித் திறந்தாள். "தொள்ளாயிரத்தி எழுவத்திரெண்டு."

"பேப்பர் இல்லாமயே பெருக்கிட்டீங்களா?"

"அம்பத்திநாலு கிலோ, பதினெட்டு கவுண்ட். எத்தனை பீஸுன்னு நைனா கேட்டா இப்படித்தான் சொல்வேன்."

"மூணு, அக்கா. வெடை மூணு."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழில்மொழி சிரிக்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

"நீங்க தப்பா யோசிக்கலக்கா. எல்லாத்தையும் ஒரே மாதிரி, சரியா, தலைகீழா யோசிச்சிருக்கீங்க. யாரு சொல்லிக்குடுத்தது இத்த?"

ரஹீமுன்னிசா நிமிர்ந்தாள். கையிலிருந்த இறாலின் மீசையை என் பக்கம் நீட்டினாள்.

அதிகாரிகள் முன்னால் நின்றிருக்கிறேன். ஏலத்தில் என்னைவிடப் பெரிய ஆட்கள் முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு நாளும் தலை குனிந்ததில்லை. அன்றைக்குத்தான் அந்தக் குழாயை இறுக்கி மூட வேண்டும் என்று எனக்கு அவசரமாகத் தோன்றியது.

"ஐயா," என்று எழில்மொழி கூப்பிட்டாள். "கவுண்டுன்னா இன்னான்னு எனக்கு ஒரு வாட்டி காட்டுங்க. எனக்குத் தெரியாது."

காட்டினேன். ஒரு கிலோ நிறுத்தேன், எண்ணிக் காட்டினேன். அவள் கூடவே எண்ணினாள். பிறகு சொன்னாள், இங்கே எடையை மாறாமல் வைத்துக்கொண்டு எண்ணுகிறீர்கள், எங்கள் பாடத்தில் எண்ணிக்கையை மாறாமல் வைத்துக்கொண்டு எடை போடுவோம் என்று. கன்னியம்மா தலையை ஆட்டினாள். தலை ஆட்டியதே தவிர உள்ளே இறங்கவில்லை என்று அவளைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்தவனுக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் கை படித்த பாடத்தை ஒரு வாக்கியம் அழித்துவிடுமா? எழில்மொழி போன பிறகு இரண்டு நாள் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு நாளும் பெருக்கிக்கொண்டேதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடல் பக்கத்திலிருந்து காற்று வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பண்ணையிலிருந்து நூறு கவுண்டும் ஐம்பது கவுண்டும் வந்திருந்தன. நாட்டுப்படகில் கொஞ்சம் வெள்ளை இறால், இருபத்தைந்து கவுண்ட், கண்ணாடி மாதிரி. நான் ஐஸ் உடைப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கன்னியம்மா எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒரு கிலோவை நிறுத்து எண்ணவில்லை. தராசைத் தொடவே இல்லை. நூறு சின்ன இறால் எண்ணி மேசையில் ஒரு குவியல் வைத்தாள். நடுத்தரத்தில் நூறு எண்ணி இன்னொரு குவியல். வெள்ளை இறாலில் நூறு எண்ணி மூன்றாவது. எங்கள் தொழிலில் யாரும் அப்படி எண்ண மாட்டார்கள். எண்ணுவதற்குக் காரணமே கிடையாது. ரஹீமுன்னிசா என்னைப் பார்த்தாள். பேசாதே என்று கை காட்டினேன்.

பிறகு ஒவ்வொரு குவியலாகத் தராசில் வைத்தாள். சின்னது நூறு, ஒரு கிலோ. நடுத்தரம் நூறு, இரண்டு கிலோ. வெள்ளை நூறு, நாலு கிலோ.

மூன்றையும் மேசையில் மறுபடியும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு நின்றாள். ஐஸ் புகை மூன்று குவியலையும் சுற்றிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. மலைகள் மேல் மேகம் போகிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. நானும் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது வருடமாக இறால் விற்கிறேன், இறாலைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது அன்றைக்குத்தான்.

"நைனா," என்றாள், திரும்பாமல். "எண்ணிக்க நின்னுடுச்சு. எடதான் ஓடுது."

"புரியும்படியா சொல்லு."

"நம்மகிட்ட கிலோ நிக்கும், எண்ணிக்க ஓடும். அவங்ககிட்ட எண்ணிக்க நிக்குது. அந்த இருபத்திமூணு கவுண்ட் இல்ல நைனா. ஒரு குவியலோட எட."

"அப்ப கால்சியம் நாப்பது?"

"குவியலு பெரிய எட. கார்பன் குவியலு பன்னெண்டு கிராம்தான். ரெண்டுலயும் துண்டு ஒரே எண்ணிக்க. நம்பர் ஏறுனா துண்டு பெருசு."

நம்பர் ஏறினால் துண்டு பெரிசு. என் வாழ்நாளில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. தலை கொஞ்சம் சுற்றியது என்றுகூடச் சொல்வேன்.

"அம்பத்திநாலு கிராம் தண்ணில பதினெட்டு பதினெட்டா எத்தனை குவியலு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, மூன்று விரலை மடக்கினாள்.

"அப்ப நான் சொல்லிக்குடுத்தது?" என்றேன்.

அவள் யோசித்தாள். மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள் என்று நினைக்கிறேன். "நீ சொன்னது இறாலுக்குக் கரெக்ட் நைனா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அவளை லாரியில் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். பின்பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். அங்கே கன்னியம்மா எழுந்து, நாங்கள் நூறு எண்ணினோம், அணுவில் ஒரு குவியலுக்கு எத்தனை எண்ணுவீர்கள் என்று கேட்டாள். எழில்மொழி கரும்பலகையில் ஆறு எழுதி, புள்ளி வைத்து, பூஜ்யம் இரண்டு மூன்று எழுதி, பக்கத்தில் பத்தின் மேல் இருபத்துமூன்று போட்டாள். ஆறுக்குப் பின்னால் இருபத்துமூன்று இடம் என்று விளக்கினாள்.

"அவ்ளோ இறால் இருந்தா டீச்சர்?"

"நூறு கவுண்ட் இறாலா?" எழில்மொழி சாக்பீஸை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். "கடல் பத்தாதுக்கா. உலகத்துல இருக்கற எல்லாக் கடலையும் தண்ணிய எறைச்சுட்டு இறாலா நெரப்பினாலும் பத்தாது. அப்படி நாலு உலகம் வேணும். அதுக்கும் மேல கொஞ்சம் மிஞ்சும்."

வகுப்பில் இருபது பேர் இருந்தார்கள். எல்லோரும் கடலோரத்துக்காரர்கள். நாலு கடல் இறால் என்றால் என்னவென்று எங்களுக்குத்தான் தெரியும்.

"அவ்ளோ அணுவா டீச்சர் அந்தப் பதினெட்டு கிராம் தண்ணில நிக்குது?"

"அத்தனை மூலக்கூறு. ஒவ்வொரு மூலக்கூறுலயும் அணு மூணு. பதினெட்டு கிராம்னா, வாய்ல ஊத்திக்கினா ஒரே முழுங்கு."

திரும்பி வரும்போது கன்னியம்மா லாரி ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டாள். இடது பக்கம் கடல், வலது பக்கம் ரயில் பாதை. கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்க, நாங்கள் நடுவில் ஊர்ந்தோம். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாள். அதை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். குடிக்கவில்லை. வீடு வருகிற வரைக்கும் குடிக்கவில்லை.

ஜூனில் தடை முடிந்து படகுகள் கிளம்பின. துணைத்தேர்வு நாளில் என் ஷெட்டில் சரக்கு குவிந்து கிடந்தது. இந்தத் தடவை நான் அவளைக் கூப்பிடவில்லை. மத்தியானம் அவளே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எப்படி எழுதுன?"

"எண்பது கிராம் கால்சியத்துல எத்தனை மோலுன்னு வந்துது நைனா."

"சரி."

"பேனா தானா மூவாயிரத்தி எறநூறுன்னு எழுதிடுச்சு."

ரஹீமுன்னிசா கத்தியைக் கீழே வைத்தாள்.

"எழுதிட்டு அத்தையே பாத்துகினு இருந்தேன். எதுவோ சரியில்லன்னு தெரியுது. இன்னான்னு தெரியல. கண்ண மூடிகினேன். மேசை தெரிஞ்சுது, குவியலு தெரிஞ்சுது. ஒரு குவியலு நாப்பது கிராம். எண்பதுல எத்தனை குவியலு. அவ்ளோதான். அட்சிட்டு ரெண்டுன்னு போட்டேன். மத்தது எல்லாம் அதே மாதிரி கண்ண மூடி மூடித்தான் போட்டேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"ஹால்ல நின்ன மேடம் வந்து, உடம்பு சரியில்லையாம்மா, தூங்கறீங்களேன்னு கேட்டாங்க. இல்ல மேடம், எண்ணிகினு கீறேன்னு சொன்னேன்."

முடிவு வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மாதம் அவள் கை மோசமாகிக்கொண்டே போனது. வலது கையில் இரண்டு விரல் முழுதாக மடங்கவில்லை. இடது கையால் தரம் பிரித்தாள். வால்டர் ஒரு தடவை போன் செய்து, வேறு ஒரு பையன் சர்ட்டிபிகேட்டோடு வந்து நிற்கிறான் என்றார். ஆகஸ்ட் என்று சொன்னீர்கள், ஆகஸ்ட் இன்னும் வரவில்லை என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

ஜூலை கடைசியில் ஒரு நாள் பதினோரு மணிக்கு முடிவு வந்தது. கன்னியம்மாவின் கை ஈரமாக இருந்ததால் ரஹீமுன்னிசா தன் போனில் தேர்வு எண்ணைப் போட்டாள். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே ஒரு படகு சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. ஐஸ் உடைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அதை நிறுத்தச் சொன்னேன்.

ரஹீமுன்னிசா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு போனைக் கன்னியம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"படி. எனக்குக் கண்ணு ஒரு மாதிரியா கீது."

கன்னியம்மா படித்தாள். "அறிவியல் நாப்பத்தாறு." பிறகு அடுத்த வரியையும் படித்தாள். "தேர்ச்சி."

யாரும் கத்தவில்லை. கை தட்டவில்லை. ரஹீமுன்னிசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மீன் நாத்தம்" என்றாள். நான் வால்டருக்குப் போன் போட்டு, நாற்பத்தாறு என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். அவர் உடனே திருப்பிக் கூப்பிட்டார். சர்ட்டிபிகேட் வருகிற வரைக்கும் இந்த முடிவின் நகல் போதும், நாளைக் காலை எட்டரைக்கு வரச்சொல்லுங்கள் என்றார்.

கன்னியம்மாவின் மேசையில் பாதிச் சரக்கு பிரிக்காமல் கிடந்தது. வேண்டாம், விட்டுவிடு என்றேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து, முப்பது இந்தப் பக்கம், ஐம்பது அந்தப் பக்கம், உடைந்தது கீழே என்று மிச்சம் இருந்ததையும் பிரித்து முடித்தாள். அவசரப்படவில்லை. கடைசி இறாலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்து, பிறகு ஐம்பதில் போட்டாள். மேசையைக் கழுவினாள். குழாயடியில் நின்று முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டாள்.

புடவையைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கு வர்ல நைனா."

பத்தொன்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள். காய்ச்சல் என்று, திருவிழா என்று, ரவிக்குமார் கரைக்கு வருகிறான் என்று. ஒவ்வொரு தடவையும் நான் கத்தியிருக்கிறேன்.

"சரி" என்றேன்.